இருநூற்றுப் பதினான்கு ஆமென்

ஈஜிபுரா,
12 ஜனவரி 2025

கர்த்தருக்குள் அன்பான தம்பி டேரிலுக்கு,

அக்கா டோரதி எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். நீயும் சரளாவும் கேரலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உனக்குப் பன்னிரண்டு வயதில், ஒக்கலிபுரம் வீட்டில், சபைப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அக்கா, இதுல என் பேரைப் போடறதுக்கு முன்னாடி அப்பா யார்கிட்ட கேட்டாரு?" நான் அப்போது ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடலாம் என்று நினைத்த வயது. "சாப்பிட வா" என்றேன்.

அந்தக் கேள்வி நாற்பது வருஷம் கழித்து என் மேசைக்கு வந்திருக்கிறது. அப்பா மாதாமாதம் எழுதிய 'கிறிஸ்தவத் தகப்பன்' பகுதியைச் சபையின் ஆண்கள் ஐக்கியம் புத்தகமாகப் போடுகிறது. நாற்பத்தோரு கட்டுரைகள். ஜூனில் தகப்பன்மார் ஞாயிறன்று வெளியீடு. மெய்ப்புப் பார்க்கும் வேலை எனக்கு. அப்பாவுக்கு எண்பத்தாறு வயது, கண்ணில் புரை. நான் வாசிக்க வாசிக்க அவர் தலையாட்டுகிறார்.

ஏழாவது கட்டுரை உன்னுடையது. வேறு யாராவது சொல்வதற்கு முன் உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

ஒரே ஊரில் இருந்துகொண்டு ஏன் கடிதம் என்று கேட்பாய். இந்தச் சின்ன வீட்டில் அப்பாவுக்குக் காது மட்டும் இன்னும் கூர்மை. வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ உடனே யாருக்காவது அனுப்பிவிடுவாய். காகிதத்துக்கு அந்தக் கெட்ட பழக்கம் இல்லை.

சமாதானத்துடன்,
அக்கா டோரதி


பீன்யா,
18 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். இங்கே மூவரும் சுகம். கேரல் இரண்டாம் பி.யு. படித்துக்கொண்டே மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு ராஜாஜிநகரில் கோச்சிங் போகிறாள். காலை ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவாள். டிபன் பாக்ஸ் கட்டுவது என் வேலை.

ஏழாவது கட்டுரை வேண்டாம்.

எனக்கு அது மனப்பாடம். "என் மகன் டேரில் பன்னிரண்டு வயதிலும் படுக்கையை நனைத்தான். நான் பிரம்பை எடுக்கவில்லை. வெட்கத்தைக் கற்பித்தேன்." எப்படிக் கற்பித்தார் என்று உனக்குத் தெரியும். ஞாயிறு காலையில் விரிப்பை வாசல் கம்பியில் நானே காயப்போட வேண்டும். அதன் கீழே நின்று, ஆராதனைக்குப் போகிறவர்களுக்கெல்லாம் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். நான்கு ஞாயிறு.

நம் தெருவோடு போயிருந்தால் மறந்திருப்பேன். பத்திரிகையில் வந்த பிறகு ஞாயிறு பள்ளியில் எனக்கு அல்சூர் ஏரி என்று பெயர். போன வருஷம் ஒரு கல்யாணத்தில் சுனிலைப் பார்த்தேன். அதே சுனில்தான், இப்போது ஆண்கள் ஐக்கியத்தின் செயலர். தலையில் ஒரு முடி இல்லை. "இன்னாடா ஏரி, தண்ணி ஃபுல்லா?" என்கிறான். கேரல் பக்கத்தில் நிற்கிறாள். "ஏரின்னா இன்னா டாடி?" என்றாள். கிரிக்கெட்டில் வைத்த பெயர் என்று சொல்லிவிட்டேன். புத்தகம் வந்தால் அவளே படித்துக்கொள்வாள்.

பதினெட்டாவது கட்டுரையும் வருகிறதா? மாவட்டத்தில் முதல் மார்க் வாங்கிய பெண்ணுக்குப் பெருமை வந்துவிடும் என்று, பரிசளிப்பு விழாவுக்கு உன்னை அனுப்பாமல் வீட்டில் உட்காரவைத்த கதை? அதையும் நீயே மெய்ப்புப் பார்க்கிறாயா?

பதினோரு வருஷமாக அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இதற்காக வந்து பார்க்கவும் மாட்டேன். எடுக்கச் சொல்.

தம்பி டேரில்


ஈஜிபுரா,
2 பிப்ரவரி 2025

அன்பான தம்பிக்கு,

இங்கே சுகம். உனக்கு இருமல் விட்டதா? பனி குறையும்வரை பைக்கில் போகாதே.

நேற்றுக் கஞ்சி கொடுக்கும்போது கேட்டேன்.

"ஏழாவதை விட்டுடலாமா அப்பா?"

"ஏன், அதுல பிழை இருக்கா?"

"டேரிலுக்குச் சங்கடமா இருக்கும்."

"சாட்சின்னா சங்கடமாத்தான் இருக்கும். அப்புறம் ஒரு நாளாவது நனைச்சானா அவன்? கேளு."

நீ நனைக்கவில்லை. ஏன் நனைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பள்ளிவிட்டு வந்த பிறகு ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாய். மூன்று மாதத்தில் சிறுநீரகத்தில் கல்லோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாய். அந்தப் பகுதி எந்த மாதப் பத்திரிகையிலும் வரவில்லை.

ஆகையால் ஏழாவதை நான் எடுக்கப்போவதில்லை. கோபப்படாமல் கடைசிவரை வாசி.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஆறாம் வகுப்பில் பார்கவி என்று ஒரு பெண். 'எங்கள் வீட்டு நாய்' என்று அடுத்தவள் எழுதிய கட்டுரையை அப்படியே பார்த்து எழுதிக்கொண்டு வந்தாள். அவள் வீட்டில் நாய் கிடையாது. நான் திட்டவில்லை. முழு மார்க் போட்டு, எழுந்து நின்று வாசிக்கச் சொன்னேன். பிறகு பிள்ளைகளிடம், "நாயைப் பற்றிக் கேளுங்கள்" என்றேன். மூன்றாவது கேள்வியில் உடைந்துவிட்டாள்.

ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே 'கலந்துரையாட' என்று மூன்று கேள்விகள் வேண்டும் என்று சுனில் கேட்டிருக்கிறான். தகப்பன்மார் கூட்டங்களில் பாடமாக நடத்தப்போகிறார்களாம். கேள்விகளை எழுதுவது நான். ஏழாவதுக்குக் கீழே இப்படி எழுதியிருக்கிறேன்:

இந்தத் தகப்பன் பையனை டாக்டரிடம் காட்டினாரா? பையன் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியதை வீட்டில் முதலில் கவனித்தது யார்? பையன் ஆஸ்பத்திரியில் இருந்த வாரம் தகப்பன் எந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தார்?

அப்பாவுக்கு வாசித்துக் காட்டும்போது கேள்விகளை விட்டுவிடுகிறேன். வெளியீட்டு நாளில், நூற்றைம்பது தகப்பன்மார் கையில் புத்தகம் இருக்கும்போது, யாராவது அவருக்கு உரக்க வாசித்துக் காட்டட்டும். நாற்பது வருஷம் பொறுத்தவளுக்கு நான்கு மாதம் பெரிதில்லை.

சரளாவுக்கும் கேரலுக்கும் என் அன்பு.

அக்கா


பீன்யா,
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், இன்னொரு முறை ஸ்தோத்திரம்.

உன்னைப் போய்ச் சாது என்று நினைத்திருந்தேனே. கடிதத்தை ஃபாக்டரி கேன்டீனில் வைத்து மூன்று தடவை வாசித்தேன். "லாட்டரி அடிச்சுதா சார்?" என்று வெங்கடசாமி கேட்டான்.

நாற்பத்தொன்றுக்கும் எழுது. ஒன்றையும் விடாதே. வெளியீட்டுக்கு நான் வருகிறேன். முதல் வரிசையில் உட்காருகிறேன். மூன்றாவது கேள்வியை வாசிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு மட்டும் வருகிறேன்.

உன் கையெழுத்து இந்தத் தடவை ஆடியிருக்கிறது. கரும்பலகையில் கோடு போட்டது போல எழுதுகிறவள் நீ. உடம்புக்கு என்ன? மறைக்காமல் எழுது.

டேரில்


ஈஜிபுரா,
2 மார்ச் 2025

அன்பான தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்து மூன்று வாரம் ஆகிறது. எழுதலாமா வேண்டாமா என்றே நாள் போய்விட்டது.

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. கை ஆடுவது துவைப்பதால். கிறிஸ்துமஸ் கழிந்ததிலிருந்து அப்பாவுக்கு அடக்கும் சக்தி போய்விட்டது. தினம் இரண்டு விரிப்பு. மாடி வீட்டு மமதா, "மேலே வெயில்ல போடுங்க ஆன்ட்டி, ஜாகா இருக்கு" என்கிறாள். நான் குளியலறைக்குள்ளேயே கயிறு கட்டி, மின்விசிறி வைத்துக் காயவைக்கிறேன்.

காலையில் அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். நான் விரிப்பை உருவும்போது, "இன்னைக்கு வெயில் வருமா?" என்று கேட்பார். "வரும்" என்பேன். அவ்வளவுதான்.

முதல் நாள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, டேரில். உன்னிடம்கூட அதைச் சொல்லாவிட்டால் நான் யோக்கியமானவள் இல்லை. ஒரு விரிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தெருப்பக்கக் கம்பியைப் பார்த்தபடி வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு உள்ளே வந்துவிட்டேன்.

இது உனக்கும் எனக்கும் மட்டும்.

அக்கா


பீன்யா,
17 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். சுகம். மிகவும் சுகம்.

நீ உள்ளே வந்துவிட்டாய். நான் வரவில்லை.

இப்போது இங்கே வேறு சபைக்குப் போனாலும், பழைய சபையின் வாட்ஸ்அப் ஜெபக் குழுவிலிருந்து எங்களை யாரும் எடுக்கவில்லை. நேற்று, ஞாயிறு காலை, எல்லாரும் கோயிலுக்குக் கிளம்பும் நேரம் பார்த்துக் குழுவில் ஒரு விண்ணப்பம் போட்டேன். அப்படியே எழுதுகிறேன்:

"என் தகப்பனார் திரு. ஓஸ்வால்ட் (86) தினமும் இரண்டு முறை படுக்கையை நனைக்கிறார். அவருடைய விரிப்புகள் சீக்கிரம் காயவும், வெட்கப்படாமல் அவர் இதைச் சாட்சியாக ஏற்றுக்கொள்ளவும் பாரத்தோடு ஜெபியுங்கள்."

மத்தியானத்துக்குள் இருநூற்றுப் பதினான்கு ஆமென். முதல் ஆமென் சுனில் போட்டான். கேரல்கூடப் போட்டாள். ஜெப விண்ணப்பத்தில் யார் தப்புக் கண்டுபிடிக்க முடியும், சொல்?

உனக்குக் கோபம் வரும். வரட்டும். நீ ஜூன்வரை பொறுப்பாய். அதுவரை அவர் பொறுப்பாரா என்று யாருக்குத் தெரியும்?

டேரில்


ஈஜிபுரா,
25 மார்ச் 2025

அன்புள்ள மகன் டேரிலுக்கு,

அப்பா சொல்ல டோரதி எழுதுகிறாள். நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் மூவரின் சுகத்துக்காகவும் ஜெபிக்கிறேன்.

உன் விண்ணப்பத்தைச் சுனில் வந்து வாசித்துக் காட்டினான். அவனோடு ஆறு பேர் வந்திருந்தார்கள். ஆரஞ்சுப் பழமும், மருந்துக்கடையில் வாங்கிய ஒரு பெரிய பொட்டலமும் கொண்டுவந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்று என் மேல் கை வைத்து ஜெபித்தார்கள். ஒருவர் விரிப்பைத் தொட்டுப் பார்த்தார்.

நீ நன்றாக எழுதியிருந்தாய். ஒரு வார்த்தை அதிகம் இல்லை. பெயர், வயது, சம்பவம், கடைசியில் ஒரு போதனை. நான் எழுதுவது போலவே இருந்தது.

சரளாவுக்கும் கேரலுக்கும் என் ஆசீர்வாதம்.

அப்பா,
ஓஸ்வால்ட்


பீன்யா,
30 மார்ச் 2025

அன்புள்ள அத்தைக்கு,

கேரல் எழுதறேன். நல்லா இருக்கீங்களா? எனக்கு ஞாயிறு பள்ளியில கத்துக்கிட்ட தமிழ்தான், தப்பு இருந்தா விட்டுடுங்க. அட்ரஸ் டாடி மேசை மேல இருந்த கவர்ல பார்த்தேன்.

தாத்தாவுக்கு நானும் ஆமென் போட்டேன் அத்தை. படிக்காமலே போட்டேன், எல்லாரும் போட்டாங்க. அப்புறம் படிச்சேன். டெலிட் பண்ணேன். ஆனா டெலிட் பண்ணதும் எல்லாருக்கும் தெரியுமே.

ஒண்ணு சொல்லணும். நான் கோச்சிங் போறதில்ல. ஜனவரியிலேர்ந்து போகல. மாதிரித் தேர்வு வைக்கும்போது மூச்சு முட்டுது, பேப்பர்ல இருக்கறது கண்ணுக்குத் தெரியல. ரெண்டு தடவை அப்படி ஆச்சு. அதனால காலைல கிளம்பி மெட்ரோல அந்தக் கோடி வரைக்கும் போறேன், இறங்கி ஏறி இந்தக் கோடிக்கு வரேன். டிபனை ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்து சாப்பிடறேன்.

டாடி கெட்டவர் இல்ல. டிபன் அவர்தான் கட்டறாரு, ஊறுகாய் கசியாம தனியா கவர் போட்டு. போன மாசமே சொல்லிடலாம்னு நினைச்சேன். இப்போ சொன்னா குரூப்ல போட்டுடுவாரு. "என் மகள் கேரலுக்காக"ன்னு ஆரம்பிக்கும். அந்த வரி எனக்குத் தூக்கத்துல கூட வருது.

மம்மிக்கும் சொல்லாதீங்க. நான் சனிக்கிழமை உங்க வீட்டுக்கு வரலாமா?

கேரல்


ஈஜிபுரா,
21 ஏப்ரல் 2025

தம்பி டேரிலுக்கு,

உயிர்த்தெழுந்த நாளின் வாழ்த்துகள். அப்பா சுகம். நீ இடையில் போட்ட மூன்று கடிதங்களுக்கும் நான் பதில் எழுதவில்லை. நான்காவது வந்ததால் எழுதுகிறேன்.

சுனிலும் மற்றவர்களும் வந்து போன பிறகுதான் அப்பா உனக்கு அந்தக் கடிதத்தை எழுதவைத்தார். ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு காலை, "ஏழாவதை வாசி" என்றார். வாசித்தேன். இந்தத் தடவை கேள்விகளையும் சேர்த்து வாசித்தேன். மறைத்து வைத்திருந்து பிறகு மேடையில் கேட்க வைப்பதில் எனக்கு ருசி போய்விட்டது. நேருக்கு நேர் பார்க்க வேண்டும் போல இருந்தது.

"மூணாவது கேள்வியை இன்னொரு தடவை வாசி."

வாசித்தேன்.

"அதை எடுத்துடு."

"கேள்வியையா?"

"கட்டுரையை."

"அச்சாயிடுச்சுப்பா" என்றேன். அச்சாகவில்லை. தாள்கள் என் மடியில் இருந்தன. ஒன்பது நாள் அவரை அப்படியே விட்டேன். ஒவ்வொரு காலையும், "நிறுத்த முடியுமான்னு கேட்டியா?" என்பார். "கேட்டேன், முடியாதாம்" என்பேன். நீ பன்னிரண்டு வயதில் அடுத்த மாதப் பத்திரிகைக்குக் காத்திருந்தது போல அவர் காத்திருந்தார். பத்தாம் நாள் எனக்கே அலுத்துவிட்டது. எடுத்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் நன்றி சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. உன் கட்டுரை புத்தகத்தில் வராது. பதினெட்டாவதைப் பற்றி அவர் கேட்கவில்லை. அது வருகிறது, என் கேள்விகளோடு வருகிறது.

பார்கவியைப் பற்றி எழுதினேன் அல்லவா? அடுத்த வாரம் அவள் வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். அதை உனக்கு எழுதவில்லை. நம் குடும்பத்தில் மூன்று பேருக்கும் ஒரே கை.

இனி உன் விஷயம். உனக்கு மட்டும் என்று நான் எழுதியதை இருநூறு பேருக்கு வாசித்தாய். உன் ஆமென்களை நீ எண்ணிக்கொண்டிருந்தபோது, உன் மகள் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேரல் என்னிடம் ஒன்று சொல்லியிருக்கிறாள். சனிக்கிழமைகளில் இங்கே வருகிறாள். பயப்படும்படி எதுவும் நடக்கவில்லை. அவளை ஒரு நல்ல டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன், இனியும் வேண்டியதைச் செய்வேன். ஆனால் அவள் சொன்னது என்ன என்று உனக்குச் சொல்ல மாட்டேன். அவள் உன்னிடம் வந்திருக்க வேண்டியவள். போன மாதம்வரை வர நினைத்தவள்.

இதைத் தண்டனை என்று எடுத்துக்கொள்வாய். தண்டனைதான்.

அக்கா


பீன்யா,
25 ஏப்ரல் 2025

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன்.

என்ன சொன்னாள்? பையன் விஷயமா? உடம்பா? எதற்கு டாக்டர்? நீ போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். சரளாவைக் கேட்டால் அவளுக்கும் தெரியவில்லை. கேரலின் பையைத் திறந்து பார்த்தேன். ஒரு நோட்டும் மெட்ரோ கார்டும்தான் இருந்தன. திறந்ததை அவள் பார்த்துவிட்டாள். "என்னம்மா, ஏதாவது பிரச்சினையா?" என்றேன். "ஒண்ணுமில்ல டாடி" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள், அக்கா. நான் அப்பாவிடம் சொல்வேனே, அதே மாதிரி.

தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கிறது. இன்னதென்று தெரிந்தால் குழுவில் ஜெபத்துக்காவது போடலாம்.

மேலே உள்ள வரியை அடித்திருக்கிறேன். அடித்தாலும் உனக்குத் தெரியும்.

ஏழாவது போனதற்குச் சந்தோஷப்படக்கூட முடியவில்லை. என்னை என்ன வேண்டுமானாலும் செய். புத்தகத்தில் போடு. கேரல் சொன்னதை மட்டும் சொல்லிவிடு. பெற்ற தகப்பன் கேட்கிறேன்.

டேரில்


ஈஜிபுரா,
29 ஏப்ரல் 2025

அன்பான தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கேரல் சொன்னாள். சாப்பிடு.

அடித்த வரியை வாசித்தேன். இந்த நான்கு மாதத்தில் நீ எழுதியதிலேயே உருப்படியான வேலை அந்த ஒரு கோடுதான்.

ஆனாலும் சொல்ல மாட்டேன். எத்தனை ஸ்பீட் போஸ்ட் போட்டாலும், பெற்ற தகப்பன் என்று எழுதினாலும் சொல்ல மாட்டேன். அப்பாவும் பெற்ற தகப்பன்தான். நம்மிடமிருந்து அவர் கேட்டதெல்லாம் பத்திரிகைக்குப் போனது. உன்னிடம் வந்தது குழுவுக்குப் போனது. என்னிடம் வந்தது என்னோடு நிற்கட்டும். நம் வீட்டில் ஒரு பிள்ளை சொன்னது ஒரே ஒரு ஆளோடு நின்றது என்று ஒரு தடவையாவது இருக்கட்டும்.

தேர்வு எழுதுவதா வேண்டாமா என்பதை அவள் முடிவு செய்வாள். உன் பிழைப்புக்கு அதனால் ஒன்றும் ஆகாது. உனக்கு வலிக்கும். வலிக்கட்டும், டேரில். உனக்காக நான் அழப்போவதில்லை.

சரளாவுக்கு என் அன்பு.

அக்கா டோரதி

பின்குறிப்பு: முப்பத்தெட்டு வருஷம் பாடம் நடத்தியவளால் வீட்டுப்பாடம் கொடுக்காமல் முடிக்க முடியவில்லை. இன்று சாயங்காலம் கேரலின் பக்கத்தில் போய் உட்கார். அவள் வயதில் நீ பயந்து ஒளித்த ஒன்றை, இதுவரை யாருக்கும் சொல்லாத ஒன்றை, அவளுக்குச் சொல். சொல்லி முடித்ததும் அவளிடம் எதுவும் கேட்காமல் எழுந்து போய்விடு.